வேலாயி வீட்டு வெள்ளைச் சுவர்

எங்கள் லயத்தில் எந்தக் காம்பரா வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது இருட்டுதான். ஆள், அடுப்பு, பாய் எல்லாம் அதற்குப் பிறகு. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அப்போது எல்லா லயமும் அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரன் நடுவில் நீளமாக ஒரு சுவரை எழுப்பினான். அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, இந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு என்று முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். ஜன்னல் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்த நடுச்சுவரில்தான் இரண்டு பக்கத்து அடுப்பும் முட்டிக்கொண்டு நிற்கும். சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் அந்த வீட்டுப் புகை இங்கே வரும், இந்த வீட்டுச் சண்டை அங்கே போகும்.

நான் ராசம்மா. தோட்டத்தில் சுவர் கட்டுகிற மேசன் பழனியாண்டியின் பெண்சாதி. எனக்கு வாய் அதிகம் என்று லயமே சொல்லும். சொல்லட்டும், வாயிருக்கிறவள்தான் இந்த லயத்தில் பிழைக்க முடியும். அப்பேர்ப்பட்ட நானே வாயடைத்துப்போய் நின்றதுண்டு. அது என் அடுத்த காம்பராக்காரி வேலாயியால் வந்தது.

வேலாயி அக்கா என்னைவிட மூத்தவள். புருஷன் காய்ச்சலில் போனபோது மகள் கைப்பிள்ளை, மகன் சின்னராசா நடை பழகுகிற பிள்ளை. இரண்டு பிள்ளைகளையும் கொழுந்து பறித்தே வளர்த்தாள். மகளை றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தாள். மகன் வளர்ந்து தேயிலை ஃபேக்டரியில் வேலைக்குப் போனான். மலையில் அவள் கை வேகத்துக்கு யாரும் நிற்க முடியாது. ஆனால் அவள் பெருமை அதிலில்லை, அடுப்பில்தான் இருந்தது. அவள் கருவாட்டுக் குழம்பு கூட்டினால் லயம் முழுக்க மூக்கை உறிஞ்சும். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கேட்காமலே ஒரு சட்டி ரசம் போகும். நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது எனக்குப் பத்தியம் சமைத்தது என்னைப் பெற்றவள் இல்லை, வேலாயி அக்காதான்.

அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. அவள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. கொழுந்து பறிக்க விரல் போதும். மலைப்பாதை காலுக்குத் தெரியும். அடுப்படிதான் காட்டிக்கொடுத்தது. கரிச்சட்டி, கரி அடுப்பு, அதற்குப் பின்னால் கரிச்சுவர். நல்ல கண் உள்ளவளுக்கே அங்கே பானை வாய் எது, இருட்டு எது என்று தெரியாது. ஒருநாள் சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி முழுக்கக் காலில் கொட்டிவிட்டது. அவள் கத்தக்கூட இல்லை. நான் ஓடிப் போனபோது, காலைப் பார்க்காமல் பானையைத் தடவிக்கொண்டிருந்தாள், சோறு சிந்திவிட்டதா என்று.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். படலம் என்றால் எடுத்துவிடலாம், இது உள்ளே நரம்பு காய்கிறது, இருக்கிற பார்வையும் மெல்ல மெல்லப் போய்விடும் என்றார். வேலாயி அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது, வெங்காயம் வாங்க மறந்துவிட்டோமே என்று மட்டும் சொன்னாள்.

சின்னராசா நல்ல பிள்ளைதான். பயந்துவிட்டான், அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் முன்னால் வைத்தே சொன்னான்.

"அம்மா, இனிமே நீ அடுப்புப் பக்கம் போகக் கூடாது. நா ஃபேக்டரியில நிக்கையில நீ இங்க வெந்து கெடந்தா யாரு பாக்குறது? தீவாளி கழியட்டும், றொசல்லயில தங்கச்சிகிட்ட கொண்டு போய் விடுறேன். ஒரு மூலையில உக்காந்து நிம்மதியா சாப்புடு."

"உக்காந்து திங்கவா என்னைய பெத்தாங்க?" என்றாள் வேலாயி அக்கா. அவள் முகம் செத்துப்போய்விட்டது. கண் போகிறது என்று டாக்டர் சொன்னபோது கூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. அவளிடமிருந்து அடுப்பைப் பிடுங்கினால் அவள் ஒரு வருஷம் தாங்கமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் துரை பங்களாவில் இடிப்பு நடந்தது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய், கொழும்பிலிருந்து புதுத் துரை வந்திருந்தார். அவருடைய துரைசாணிக்குக் குளியலறையில் இருந்த வெள்ளைப் பீங்கான் கல் பிடிக்கவில்லை. பச்சைக் கல்தான் வேண்டுமாம். மனுஷிக்கு வேறு கவலை இல்லை. சுவரை எல்லாம் பெயர்த்தார்கள். மஸ்கெலியாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற ஹுசைன் நானா கதவு, குழாய், குளியல் தொட்டி எல்லாவற்றையும் லொறியில் ஏற்றினார். பெயர்த்த கல்லையும் கழிவென்று அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

அந்த லொறி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாங்கள் கூடையோடு நிறுவைக்கு வரிசையில் நின்றோம். வேலாயி அக்கா கால் வலிக்கிறது என்று லொறியோரமாகச் சாய்ந்தாள். கை தற்செயலாகப் பின்பலகை மேல் கிடந்த கல் ஒன்றின் மேல் போய்விட்டது. எடுக்கவில்லை. அப்படியே குனிந்து பார்த்தாள். கையை விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள்.

"ராசம்மா, இங்க வா."

"என்னக்கா?"

"என் வெரலு தெரியுதுடி. ஒவ்வொன்னும் தனித்தனியா தெரியுது."

கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்துப் போன விரல்கள். வெள்ளைக் கல்லின் மேல் அவை ஐந்தும் எண்ணெய் தடவினதுபோல் பளிச்சென்று இருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணக்கப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. பிறகு நேரே ஹுசைன் நானாவிடம் போனாள்.

"நானா, இந்தக் கல்ல என்ன செய்யப் போறீங்க?"

"இதையா? பள்ளத்துல கொட்டத்தான் ஈக்கி. பாதிக்கு மேல ஒடஞ்சது. என்னத்துக்குக் கேக்குறீங்க?"

"என் அடுப்புக்குப் பின்னால ஒட்டணும்."

ஹுசைன் நானா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார், கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். லொறியை லயத்தடி வரைக்கும் கொண்டு வந்து, கல் மொத்தத்தையும் எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னோம், அதற்குக்கூட நிற்கவில்லை.

இஸ்தோப்பு முழுக்கக் கல். நடக்க வழியில்லை. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னா இது? பங்களாவுல குளிக்கிற எடத்த இங்க கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "லயத்துல எவனாச்சும் டைல் ஒட்டுவானா?" என்பதுதான். பங்களாவில் ஒட்டியிருக்கிறார், ஆஸ்பத்திரியில் ஒட்டியிருக்கிறார், லயத்தில் மட்டும் ஒட்டக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில், "அந்தக் கை துரைமாரு கக்கூசுக்கு மட்டுந்தான் வேலை செய்யுமா?" என்று கேட்டுவிட்டேன். மனுஷர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கல்லைப் பொறுக்க உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கல்லோடுதான் போனது. முழுக் கல் ஒரு பக்கம், மூலை உடைந்தது ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். நான் பழைய சாந்தை உளியால் தட்டித் தட்டி உதிர்த்தேன். அவர் இஸ்தோப்புத் தரையில் கரித்துண்டால் சுவரை அப்படியே வரைந்து, அதன் மேல் கல்லை அடுக்கிப் பார்த்தார். அடியில் முழுக் கல் வரிசை, மேலே போகப் போகத் துண்டு. மேசன் கண்ணுக்கு அதுதான் அழகு, அடிவரிசை நேராக இருந்தால் சுவரே நேராக இருக்குமாம்.

வேலாயி அக்கா உள்ளேயிருந்து பானை, சட்டி, கேத்தல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றையும் வரைந்த அடுப்பின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, அடியில முழுக் கல்லு எதுக்கு? அங்க சாம்பலும் வெறகுந்தான் கெடக்கும். நா பாக்குறது பானை வாயத்தான். வாய் வர்ற எடத்துல முழுக் கல்லு வையி. நடுவுல கீறல், கோடு ஒன்னும் வரக் கூடாது. கோடு வந்தா எனக்கு அது கோடா, அகப்பைக் காம்பான்னு தெரியாது."

"அக்கா, அப்புடி வச்சா வேலை அசிங்கமா இருக்கும். பாக்குறவன் என்னையத்தான் காறித் துப்புவான்."

"எவன் வந்து பாக்கப் போறான் என் அடுப்ப? பாக்கப் போறது நானு. நானும் எத்தன நாளைக்குப் பாக்கப் போறேன்."

அடுக்கியதை எல்லாம் கலைத்துவிட்டு, அவள் சொன்னபடியே அடுக்கினார். சட்டி வைக்கிற இடத்தில் ஒரு உயரம், பானை வைக்கிற இடத்தில் ஒரு உயரம். மிளகாய்த்தூள் டப்பா வைக்கிற சுவர்ப் பிறைக்குள்ளும் ஒரு கல். அவள் ஒவ்வொரு இடத்துக்கும் குனிந்து, கையை ஆட்டிப் பார்த்து, தெரிகிறது தெரியவில்லை என்று சொன்னாள். எனக்கு மலைப்பாக இருந்தது. இத்தனை வருஷம் சமைக்கிற நான், என் அடுப்பில் எது எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

சீமெந்துக்காக அவளுடைய இரண்டு சேவல்களும் மஸ்கெலியாச் சந்தைக்குப் போயின. மணல் ஆற்றிலிருந்து நாங்களே சுமந்தோம்.

சுவரைச் சுரண்டும் வேலை எனக்கு வந்தது. எத்தனை காலத்துப் புகையோ தெரியவில்லை, கரி மீன் செதில்போல் பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. முடித்துவிட்டு வெளியே வந்தபோது என் பிள்ளையே என்னைப் பார்த்து அழுதுவிட்டது. பிறகு அவர் சாந்து பிடிக்கிறதுக்காகச் சுவரைக் கொத்தினார். அடுப்பைக் கலைத்துவிட்டால் நின்று வேலை செய்யலாம் என்றார். வேலாயி அக்கா சம்மதிக்கவே இல்லை. எங்கள் லயத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தைப்பொங்கலுக்குப் புது மண் எடுத்து அடுப்புப் போட்டுப் பொங்கல் வைத்துவிட்டால், அடுத்த தை பிறக்கும்வரை அந்த அடுப்பைக் கலைக்கமாட்டோம். கலைத்தால் அந்த வீட்டுச் சோறு கலையும் என்பார்கள். அதனால் மனுஷர் அடுப்புக்கு மேலே வில்லாக வளைந்து நின்று ஒட்டினார். அன்றைக்கு இரவு அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்ததும் நான்தான்.

கல்லைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டு, நூல் பிடித்து, ஒவ்வொன்றாக வைத்துக் கரண்டிப் பிடியால் தட்டினார். வேலை என்று வந்துவிட்டால் என் வீட்டுக்காரர் வேறு ஆள். பேச்சு இருக்காது, எச்சில் விழுங்குகிற சத்தம்கூட இருக்காது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சாந்து காய்கிற வரைக்கும் வேலாயி அக்கா அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தனை நாளும் என் வீட்டுச் சோறுதான். ஒவ்வொரு வேளையும் ஒரு வாய் வைத்துவிட்டு, "ராசம்மா, உப்புன்னு ஒன்னு கடையில விக்கிறாங்க, தெரியுமா?" என்பாள். பொறுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு விடியற்காலை, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்னால், அவள் அடுப்பு மூட்டினாள். கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுக் குச்சி நன்றாகக் காய்ந்திருந்தது, குப்பென்று பற்றிக்கொண்டது. நான் வாசலில் நின்றேன்.

எப்படிச் சொல்வேன்? அந்த வெளிச்சம் சுவரில் பட்டது. பட்ட வெளிச்சம் அங்கே நிற்காமல் திரும்பி வந்தது. காம்பரா முழுக்க வந்தது. கூரைத் தகரத்து ஆணி தெரிந்தது. மூலையில் மடித்து வைத்த கம்பளி தெரிந்தது. பிள்ளையார் படத்தில் பிள்ளையாருடைய எலி தெரிந்தது. அந்தப் படத்தில் எலி இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த வெளிச்சத்துக்கு நடுவில் வேலாயி அக்கா பானையை வைத்தாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்பாக, வட்டமாக, விளிம்பு பிசகாமல் நின்றது பானை. அவள் அரிசியைப் போட்டாள். ஒரு அரிசி வெளியே விழவில்லை. அகப்பையை நேராக எடுத்தாள். அவள் கை தடவவே இல்லை.

எனக்குப் பேச்சு வரவில்லை. அழுகை வந்தது. கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. சாமி என்னை மன்னிக்கட்டும்.

லயமே வந்து பார்த்தது. பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள், பிள்ளைகள் கல்லில் முகம் பார்த்தார்கள். சின்னராசா வேலை முடிந்து வந்து, அம்மா ரொட்டி சுடுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "தீவாளி வரைக்கும் பாப்போம்" என்றான். அவன் குரல் இளகிவிட்டிருந்தது.

வராதவள் ஒருத்திதான். லெட்சுமி. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், வேலாயி அக்காவின் காம்பராவுக்கு நேர் முதுகில் குடியிருப்பவள்.

இரண்டு பேரும் ஒரே வருஷம் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஒரு காலத்தில் சுவருக்கு மேலால் உப்பும் மிளகாயும் கைமாறும். பிறகு லெட்சுமியின் ஆடு வேலாயி அக்காவின் அவரைக்கொடியைத் தின்றது. இவள் கோபத்தில் ஒரு கல்லை விட்டெறிந்தாள். அது ஆட்டின் கண்ணில் பட்டு, ஒரு கண் போய்விட்டது. லெட்சுமிக்கு அப்போது பிள்ளை இல்லை. அந்த ஆட்டைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். வேலாயி அக்காவின் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். என் ஆட்டுக் கண் போனதுபோல உன் கண்ணும் போகணும் என்றாள். லயம் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு நின்றது பேச்சு. பிறகு லெட்சுமிக்கு மகள் பிறந்தாள், இவள் போய்ப் பார்க்கவில்லை. இவள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, அவள் வரவில்லை.

லெட்சுமியின் அந்த மகள்தான் இப்போது வயதுக்கு வந்தாள். சடங்குக்கு லெட்சுமி வீட்டில் பெரிய அண்டா ஏற்றினார்கள். காலையிலிருந்து நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மரக்கட்டை போட்டு எரித்தார்கள். எல்லாருக்கும் அழைப்பு, வேலாயி அக்காவுக்கு மட்டும் இல்லை. அவள் தன் வீட்டில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் போல் ஒரு சத்தம். நான் என்னமோ சட்டிதான் விழுந்துவிட்டது என்று ஓடினேன்.

கல் விழுந்திருந்தது. நட்டநடுவில், பானை வாய் வருகிற இடத்தில், மூன்று முழுக் கல். ஒன்று குழம்புச் சட்டிக்குள் விழுந்து, சட்டி இரண்டாகப் பிளந்து, அடுப்பு அணைந்து கிடந்தது. சுற்றியிருந்த கற்கள் உப்பிக்கொண்டு நின்றன. வேலாயி அக்கா கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள். இத்தனை நாள் வெள்ளையாய்த் தெரிந்த இடத்தில் மறுபடி இருட்டு.

என் வீட்டுக்காரர் வந்து சுவரைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அப்படியே அடுப்பு மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"முன்னால வர்ற சூட்ட கல்லு தாங்கும். முதுகுல வர்ற சூட்ட சாந்து தாங்காது. நம்ம பக்கத்து அடுப்ப நிறுத்தச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு அடுப்பு எரியுதுன்னு எனக்குத் தோணவே இல்லையே."

அவருக்கு மட்டுமா தோன்றவில்லை? நாங்கள் அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அந்த மாதிரிச் சுவரில்தான் முதுகு சாய்கிறோம். மழையில் நனைந்த கம்பளியை அதில்தான் விரித்துக் காயவைக்கிறோம். என் வீட்டுப் பூனை அதன் அடியில்தான் தூங்கும். சுவர் என்றால் சூடாகத்தான் இருக்கும் என்று பழகிப்போயிருந்தோம், அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. வேறு ஊர்க்காரன் வந்து தொட்டிருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பான்.

"மறுபடி ஒட்டுனா?" என்றேன்.

"மறுபடி விழும். அந்தப் பக்கத்து அடுப்பு அந்த எடத்த விட்டு மாறணும். இல்லாட்டி இந்தக் கல்லு நிக்காது."

அவர் குரலே கொஞ்சம் பெரியது. லயத்தில் மெதுவாகப் பேசினாலே அந்தப் பக்கம் கேட்கும். "நா போய் லெட்சுமிகிட்ட பேசுறேன்" என்று நான் கிளம்பினேன். வேலாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாத. மங்கள காரியம் நடக்குற வீட்டுல போய் அடுப்ப கலைன்னு சொல்லுவியா? தை பொறக்காம எவளாச்சும் அடுப்ப கலைப்பாளா? அவகிட்ட யாரும் போய் நிக்கக் கூடாது. அவ புள்ள நல்லா இருக்கணும்." பிறகு மெல்லச் சொன்னாள். "எனக்குக் கல்லு வேணாம் ராசம்மா. இத்தன நாளு பாத்தேன்ல, அது போதும். நா றொசல்லக்கே போயிர்றேன்."

அந்தப் பக்கம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

அடுத்த நாள் விடியும் முன்னே என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் வேலாயி அக்கா, கம்பளிகூடப் போர்த்தாமல் பனியில் நிற்கிறாள்.

"ராசம்மா, செவரு சில்லுனு இருக்கு."

"இருந்தா என்னக்கா?"

"லெட்சுமி அடுப்பு பத்தவைக்கல. நா கண்ணு முழிச்சதும் மொதல்ல செவுத்துலதான் கைய வைப்பேன். சூடு இருந்தா அவ எந்திரிச்சிட்டா. இத்தன வருசமா அவ எந்திரிச்சத நா செவுத்துலதான் பாக்குறேன். ஒருநாளும் தவறினதில்ல. அவளுக்கு என்னமோ ஆயிருச்சுடி."

நான் லாம்பைத் தேடி எடுப்பதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு, லயக் கோடியைச் சுற்றி, அந்தப் பக்கத்து வரிசைக்கு. ஆட்டுக் கண் போன காலத்திலிருந்து அவள் கால் படாத பக்கம். பனி மூட்டத்தில் எனக்கே வழி தெரியவில்லை. அவள் சரியாக லெட்சுமி வாசலில் போய் நின்றாள்.

லெட்சுமி இஸ்தோப்பின் ஓரத்தில் குந்தியிருந்தாள். கூரைத் தண்ணீர் சொட்டுகிற, காற்று நேரே அடிக்கிற மூலை. மூன்று கல்லை வைத்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே நடுச்சுவரோரம் அடுப்பு இருந்த இடம் வெறும் தரையாக, சாணம் மெழுகி, ஈரம் காயாமல் கிடந்தது. கலைத்த அடுப்பு மண் ஒரு கூடையில் இருந்தது. சடங்கு வீடு. தை பிறக்க இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

நான் லாம்பைத் தூக்கிப் பிடித்தேன்.

"யாரு?" என்றாள் லெட்சுமி. நிமிர்ந்து பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

வேலாயி அக்கா மூக்கைச் சுருக்கினாள். "இஸ்தோப்புல பொகையுது. அடுப்ப கலைச்சிட்டியா லெட்சுமி?"

"கலைச்சேன். எவ கேக்குறது?"

"தை பொறக்கல. வயசுக்கு வந்த புள்ளய வீட்டுல வச்சிக்கிட்டு."

லெட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புகைக்கு மூடினாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கியபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

"நாந்தானே மண்ணு தூத்துனேன். ஒங்கண்ணு போகணும்னு நாந்தானே சொன்னேன். நீ கஞ்சிய கொட்டிக்கிட்ட அன்னைக்கு எனக்கும் கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியும், டாக்டரு சொன்னது தெரியும். அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல வேலாயி. எந்த மொகத்த வச்சிக்கிட்டு வந்து ஒன் செவர பாக்குறது?"

வேலாயி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடி கூறுகெட்டவளே. ஒன் வாய்க்கு அம்புட்டு சக்தி இருந்தா மொதல்ல நம்ம கண்டாக்குல்ல போயிருப்பான்? அவன நீ திட்டாத நாளு உண்டா? குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்." கையை நீட்டித் தேடி, லெட்சுமியின் தோளைப் பிடித்தாள். "இது நரம்பு. ஒங்கிட்ட கேட்டுக்கிட்டு வரல. கல்ல எறிஞ்சவ நானு. அந்த ஆடு ஒனக்குப் புள்ளையில்ல?"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயாவைத் திட்டியதற்கு நான்தான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றேன். பிறகு வேலாயி அக்கா குனிந்து, "நவுரு, இந்த மிலாறு ஈரம். ஊதத் தெரியாம ஊதுற" என்று சொல்லி லெட்சுமியின் அடுப்பை அவளே பற்றவைத்தாள்.

கல் மறுபடி ஏறியது. இந்த முறை என் வீட்டுக்காரர் சுவரின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார். லெட்சுமியின் மூலைக்குக் காற்று அடிக்காமல் ஒரு தகரமும் அடித்துக் கொடுத்தார். தீபாவளிக்கு வேலாயி அக்கா பலகாரம் சுட்டாள். சின்னராசா சாப்பிட்டான், கை கழுவினான், றொசல்லப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. தை பிறந்தது. லெட்சுமி புது மண் எடுத்து அந்த மூலையிலேயே அடுப்புப் போட்டாள், பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே சமைத்தாள்.

டாக்டர் சொன்னதுபோல வேலாயி அக்காவின் கண் மெல்ல மெல்லப் போனது. கடைசியில் வெளிச்சமும் தெரியவில்லை. அதற்குள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, எது எங்கே, எந்த உயரம் என்று கை முழுக்கப் படித்துக்கொண்டுவிட்டது. அவள் சமையல் நிற்கவில்லை. இன்றைக்கும் லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ரசம் அங்கிருந்துதான் போகிறது.

சமைத்து முடித்ததும் ஈரத்துணியால் அந்தக் கல்லை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, ஒனக்குத்தான் இப்ப வெள்ளையும் தெரியாது கறுப்பும் தெரியாதே. இன்னும் எதுக்கு அதப் போட்டுத் தொடச்சிக்கிட்டுக் கெடக்குற?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்து, பானை வாய் வருகிற இடத்தில் இருக்கிற முழுக் கல்லின் மேல் வைத்து அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம், தூரத்து மூலையில், லெட்சுமி விறகு ஊதுகிற சத்தம் கேட்டது.

"எப்புடி இருக்கு?" என்றாள்.

"சில்லுனு இருக்குக்கா" என்றேன்.